தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம்

வண்டியை அம்பத்தூர்க்காரருக்கு விற்ற மறுநாளே
தேடத் தொடங்கினோம்.
துளசிங்கத்துக்குக் கண் அழுத்தம்.
ஓரப் பார்வை போய்விட்டது என்றார் டாக்டர்;
எங்கள் கேட்டுத் தூணுக்கு அது முன்பே தெரியும்.

எல்லாரும் வீட்டைப் பார்ப்பார்கள்.
நான் பஸ் பார்த்தேன்.
ஈச்சங்கண்டிகை நிறுத்தத்தில்
உரக்கடை வாசல் சிமெண்டுப் பலகையில்
காலை ஐந்தே முக்காலிலிருந்து ராத்திரி ஒன்பதேகால் வரை
நாற்பது பக்க நோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.
தேர்வுத்துறையில் முப்பத்தொரு வருடம்
விடைத்தாள் கட்டு எண்ணிய கை.
பள்ளிப்பட்டு போக ஒன்பது. நகரி போக ஆறு.
திருத்தணிக்கு நேர் பஸ் நான்கு என்றார்கள்,
வந்தது மூன்று.
"நாலாவதும் வரும்மா,
வர்ற அன்னிக்கு வரும்" என்றாள் டீக்கடை சுகுணா.
அதையும் எழுதிக்கொண்டேன்.

நகரி வண்டிக்குத் தெலுங்குப் பலகை.
எனக்குப் படிக்கத் தெரியாது.
ஆனால் முதல் இரண்டு எழுத்தின் தலையிலும் சரிக் குறி,
மூன்றாவதன் தலையில் சுழி.
மூன்றுக்கு இரண்டு.
தேர்ச்சி.

முனிரத்தினம் சித்திரையில் காட்டிய வீடு
ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
நல்ல வீடு. சோப்பு நுரைக்கிற கிணற்றுத் தண்ணீர்.
முன்னால் அகலமான போர்டிகோ.
"எங்களுக்குக் கார் இல்லையே."
"அதெல்லாம் வாங்கிக்குவீங்க" என்றார்,
பிள்ளையில்லாதவளிடம் பேசுகிற குரலில்.
அந்தக் குரல் எனக்குப் பழக்கம்.

மருந்துக் கடைக்கு நடந்தேன், இருபத்தாறு நிமிடம்.
ஐந்து கிலோ அரிசியோடு திரும்பினேன், நாற்பத்தொன்று.
நடுவில் கொசஸ்தலை, மணல் மட்டும்.
அதன்மேல் தரைப்பாலம்,
ஓரக்கல் நட்ட ஒரு குட்டைக் கோடு.
வெயிலில் எல்லா வீடும் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஐப்பசியில் மறுபடி போனேன்.
ஆந்திராவில் அணை திறந்திருந்தார்கள்.
பாலம் இல்லை.
பழுப்புத் தண்ணீரில் ஓரக்கல் தலைகள் மட்டும்
ஆஜர் சொல்ல நின்றன.
அக்கரையில் ஒரு பையன்
புத்தகப் பையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு
சந்தோஷமாகத் திரும்பி ஓடினான்.
"மூணு நாலு நாள்தான் மேடம், வடிஞ்சிடும்."
"எந்த நாலு நாள்?"
முனிரத்தினம் குடையை மடக்கி உதறினார்.
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது,
பன்னிரண்டு மணிக்கொரு தரம் கண்ணில் விழவேண்டிய
சொட்டுக்கும் தெரியாது.

இந்தப் பக்கத்து வீட்டில் போர்டிகோ இல்லை.
உப்புத் தண்ணீர்.
ஒட்டிய சுவருக்கு அப்பால் நான்கு விசைத்தறி,
ஆறு மணிக்கே எழுந்துவிடும்.
நிறுத்தத்துக்கு என் காலால் நூற்றெண்பது அடி.
துளசிங்கம் சுவரில் உள்ளங்கையை வைத்துக்
கொஞ்ச நேரம் நின்றார்.
"மூணாவதுக்கு பெல்ட் லூஸ்" என்றார்.
சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை திருத்தணிக்குக் கிளம்பினோம்.
நான் பலகையைத் தேடுமுன்பே அவர் எழுந்துவிட்டார்.
"ரெண்டாவது கியர்ல அழுறான். நம்ம வண்டிதான்."
வந்தது அதுதான்,
அந்த நாலாவது.
எனக்குக் கட்டணமில்லாச் சீட்டு,
அவருக்குப் பதினேழு ரூபாய்.
"அப்பவும் பெட்ரோல் நான்தானே போட்டேன்."

புளியமரத்து வளைவில் ஆட்டுக்குட்டி.
டிரைவர் ஒரு நொடி தாமதம்.
குனிந்து பார்த்தேன்.
ஜன்னலோரம் கண்மூடி இருந்தவரின் வலது கால்
தகரத் தரையை
அழுத்திக்கொண்டிருந்தது.
குட்டி தாண்டிப் போய்
வெகுநேரம் கழித்தே
எடுத்தார்.